வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? வில்லங்கச் சான்றை நீங்களே படியுங்கள்

முதல் முறையாக ஒரு சின்ன ஃபிளாட்டை வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறவர்கள் "வாடகை எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஈசி, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, பார்த்தீர்களா என்றால், "புரோக்கரே எடுத்துக் கொடுத்துவிட்டார்" என்று பதில் வருகிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். சில வருட வாடகை அதிலேயே போய்விடும். அவ்வளவு கொட்டுகிற இடத்தில் அடுத்தவர் நீட்டும் நகலை நம்பக் கூடாது. எந்தப் புல எண்ணுக்கு (சர்வே எண்), எந்தத் தேதியிலிருந்து தேடினார்களோ அதற்கு மட்டும்தான் ஈசி பதில் சொல்லும்.

படி 1: விற்பவரின் கிரயப் பத்திரத்தை வாங்கி, சொத்து விவரப் பகுதியிலிருந்து கிராமம், புல எண், உட்பிரிவு, பிரிக்கப்படாத பாகம் (மனையில் அந்த ஃபிளாட்டுக்குள்ள பங்கு), ஃபிளாட் எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய புல எண், புது எண் இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் தேடுங்கள்.

படி 2: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று பகுதிக்குப் போங்கள். கணினியில் செய்யுங்கள், போனில் அந்தப் பட்டியலைப் படிக்கவே முடியாது. 1975-லிருந்து தேடுங்கள். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

படி 3: இங்கேதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஃபிளாட் என்றால் அதே புல எண்ணில் உள்ள எல்லா வீடுகளின் பத்திரங்களும் கலந்து வரும். மேலிருந்து கீழே படித்தால் தலை சுற்றும். உங்கள் ஃபிளாட்டின் கடைசிக் கிரயத்தை எடுங்கள். அதில் 'முந்தைய ஆவண எண்' என்றிருக்கும் எண்ணைத் தேடுங்கள், அங்கிருந்து அதற்கு முந்தையது. இப்படியே பின்னோக்கிப் போய், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களை ஒரு வெள்ளைத்தாளில் அம்புக்குறி போட்டு எழுதுங்கள். எக்செல் எல்லாம் வேண்டாம், தாளில்தான் அறுந்த கண்ணி சட்டென்று தெரியும். ஒரு பத்திரத்தில் வாங்கியவரே அடுத்ததில் கொடுத்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் உயிலோ வாரிசுரிமையோ இருக்கலாம். உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் பதிவாவதால் ஈசியில் வராது. கேட்டு வாங்குங்கள், கூடவே வாரிசுச் சான்றும்.

அப்புறம், அடமானப் பதிவுகள். நான் பார்த்த ஒரு ஃபிளாட்டில் வீட்டுக்கடன் எப்போதோ முடிந்திருந்தது. வங்கி கொடுத்த கடிதமும் விற்பவர் கையில் இருந்தது. ஈசியிலோ 'டெபாசிட் ஆஃப் டைட்டில் டீட்' (மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வைத்த அடமானம்) பதிவு அப்படியே நின்றது. கடிதம் மட்டும் போதாது, வங்கி தரப்பில் கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்தால்தான் கணக்கு முடியும். ஆகவே ஒவ்வொரு அடமானத்துக்கும் ஜோடியாக ஒரு ரசீது இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். ரசீது இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். அதைப் பதிவு செய்யும் பொறுப்பு விற்பவருடையது. மூலப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது என்று இழுத்தடித்தால் ஒன்றைச் சொல்லுங்கள்: 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

படி 4: அந்தத் தாளோடு வக்கீலிடம் போங்கள். நிலுவையில் உள்ள வழக்கு, பதிவாகாத ஒப்பந்தம், ஏற்கெனவே குடியிருக்கும் வாடகைதாரர் இதெல்லாம் ஈசியில் தெரியும் என்று நம்பியிருக்க முடியாது. கிரயத்துக்கு முந்தின நாள் ஈசியை மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை: "1990-களுக்கு எதுவுமே வரவில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கலாம். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகம் என்று பார்த்து, அந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து அந்தக் காலத்துக்குத் தனியாகத் தேடுங்கள்.