மொண்ணையாகிப் போன லேஸ் பல்

ஸ்வெட்டர் கையின் விளிம்புக்கு லேஸ் பின்னினேன். 8 கண்ணியில் (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) தொடங்கி, வரிசை விட்டு வரிசை ஒவ்வொன்றாகக் கூட்டி, 12 ஆனதும் 4 கண்ணியை மூடினால், அதாவது பின்னி முடித்து ஊசியிலிருந்து இறக்கினால், விளிம்பில் ஒரு கூர்முனை, ஒரு பல். மூன்றாவது பல் மட்டும் மொண்ணை. எண்ணினால் 11! கண்ணி கூட்ட ஊசியில் நூலைச் சுற்ற வேண்டும், அதுதான் துளையாகும்; ஓரிடத்தில் மறந்திருக்கிறேன். துளை வரவேண்டிய இடம் அடைந்து கிடந்தது. முன்பெல்லாம் மொத்தத்தையும் பிரித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இந்த முறை, முந்தைய வரிசையில் இரு கண்ணிகளுக்கு நடுவே ஓடும் நூலை ஊசியால் தூக்கி, முறுக்காமல் பின்னினேன். துளை வந்துவிட்டது. சற்று இறுக்கம்தான், நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்ததும் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு பல் முடிந்ததும் கண்ணிகளுக்குள் வேறு நிற நூலைக் கோத்துவிடுகிறேன். பிரித்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும். பல்நுனி சுருண்டதற்கு, மூடும்போது இழுத்துப் பிடித்த என் கைதான் காரணம். ஓரளவு பெரிய ஊசியால் மூடினேன், விரிந்தது.