ரேப்பர் எழுதும்போது வேகம் தொலைவது எங்கே?

இடுக்கி மலைத்தோட்டங்களில் விளையும் ஏலக்காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. அதை வாங்கும் வணிகர்களுக்கான கணக்கு மென்பொருளைக் கம்பத்தில் இருந்தபடி எழுதிப் பராமரித்து வருகிறேன். தரவுத்தளத்தை எவரும் நேரடியாகத் தொடாமல், அதற்கென எழுதிய ரேப்பர் (wrapper: வேறொரு அழைப்பைத் தனக்குள் பொதிந்து வைக்கும் சிறிய ஃபங்ஷன்) வழியாகவே தொட வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. மென்பொருள் மெதுவாகும்போதெல்லாம் முதல் பழி ரேப்பர்மீதுதான் விழுகிறது.

அந்தப் பழியை அளந்து பார்க்காமல் நம்பி, ரேப்பரை நீக்கிவிட்டு அதே வரிகளைப் பத்து இடங்களில் நகலெடுத்து வைப்பதே பெருந்தவறு. சி, சி++ மொழிகளில் சிறிய ரேப்பரின் உடல், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குத் தெரியும்படி இருந்தால், மேம்படுத்தலுடன் தொகுக்கும்போது அது பெரும்பாலும் அழைத்த இடத்திலேயே விரிக்கப்பட்டு, அழைப்புக்கான செலவு மறைந்துவிடும். பைத்தானில் ஒவ்வோர் அழைப்புக்கும் செலவு உண்டு. ஆயினும் தரவுத்தளத்துக்குப் போய்வரும் நேரத்தின் முன் அது மிகச் சிறியது.

வேகம் தொலைவது ரேப்பரின் வடிவத்தில். லாட் (ஏலத்துக்கு வரும் ஒரு தொகுதி ஏலக்காய்) எண்ணைக் கொடுத்தால் விலையைத் தரும் ரேப்பரை நான் எழுதியிருந்தேன். படிக்கத் தெளிவாக இருந்தது. பின்னர் மாதக் கணக்குக்காக அதையே சுழலுக்குள் (லூப்) வைத்து, லாட்டுக்கு ஒருமுறை அழைத்தேன். போய்வர 1 மில்லிசெகண்ட் என்று கொண்டாலும், 2,000 லாட்டுகளுக்கு 2 விநாடிகள் காத்திருப்பிலேயே கழியும். லாட் எண்களின் பட்டியலைப் பெற்று, தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே வினவலில் (குவரி) எல்லா விலைகளையும் தருமாறு அந்த ரேப்பரை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. நீக்கத் தேவையே எழவில்லை.

தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதும் ரேப்பர்களில் இத்தவறு கண்ணுக்குத் தெரியாது. எஸ்கியூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒற்றை மதிப்பைத் தரும் ஃபங்ஷன்கள் 2019 பதிப்புக்கு முன்புவரை வரிசைக்கு ஒருமுறை தனித்தனியே இயங்கின. அப்பதிப்பிலிருந்து தகுதியுள்ளவை மட்டும் வினவலுக்குள் விரிக்கப்படுகின்றன. போஸ்ட்கிரெஸ் என்னும் இன்னொரு தரவுத்தளத்தில் எளிய எஸ்கியூஎல் ஃபங்ஷன் அவ்வாறு விரியக்கூடும், அதன் நிரல்மொழியான பிஎல்/பிஜிஎஸ்கியூஎல்லில் எழுதியது விரியாது. ஆகவே வினவலைத் தரவுத்தளம் எப்படி இயக்கும் என்று காட்டும் வினவல் திட்டத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

பிழையை ரேப்பருக்குள் விழுங்கி வெற்று மதிப்பைத் திருப்பித் தருவதும் தவறுதான். விலை கிடைக்காத லாட், விலை பூச்சியமாகக் கணக்கில் ஏறிவிடும்.

பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். ‘விலை’ என்று மட்டும் பெயர் வைத்தால், படிப்பவர் அதை நினைவகத்தில் உள்ள மதிப்பு என்று எண்ணித் தயங்காமல் சுழலுக்குள் வைப்பார். ‘விலைகளைத்_தரவுத்தளத்திலிருந்து_எடு’ என்று எழுதினால் வைக்குமுன் ஒருமுறை யோசிப்பார்.