பிசிடி நடையில் சாமான் வாங்குவது: நானும் செய்த, இன்னும் எல்லோரும் செய்கிற தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அடுத்த ஏப்ரலில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் (சுருக்கமாக பிசிடி) போகிறானாம். லேப்டாப்பைத் திறந்து ஓர் எக்ஸெல் ஷீட்டைக் காட்டினான். இருபத்தாறு வரிசை, இருபத்தாறு பெட்டி. எந்தப் பெட்டியில் எத்தனை பாக்கெட் ஓட்ஸ், எத்தனை கிராம் முந்திரி, எந்தத் தேதிக்கு எந்தத் தபால் ஆபீஸ் என்று கலர் கலராகப் போட்டு வைத்திருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2019-ல் இதே ஷீட்டை நானும் போட்டேன். கலர்கூட ஏறக்குறைய அதேதான்.

தெரியாதவர்களுக்கு: மெக்சிகோ எல்லையில் கேம்போ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் தொடங்கி, கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் வழியாகக் கனடா எல்லை வரை 2,650 மைல். நாலரை, ஐந்து மாத நடை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை பாதையை விட்டு இறங்கி, ஏதாவது ஓர் ஊரில் சாமான் வாங்கிக்கொண்டு, இல்லை அந்த ஊர்த் தபால் ஆபீஸுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். ஸ்பூனை மறந்தேன், கேஸ் தீர்ந்தது மாதிரி விஷயங்களை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகப் புத்தி வரும்.

வரைபடத்தில் கடை என்று போட்டிருந்தால் அது கடைதான் என்று நினைப்பது

மவுன்ட் லகூனா 42-வது மைலில் வருகிறது. அங்கே இருப்பது நம் ஊர் பெட்டிக்கடைக்கு அண்ணன் மாதிரி ஒரு சின்னக் கடை. பிக் பேர் லேக்கில் பெரிய சூப்பர்மார்க்கெட்டே உண்டு. ஆப்பில் இரண்டுக்கும் ஒரே மாதிரி குறிதான் தெரியும். ஜூலியன் 77-வது மைல் என்பார்கள். 77-வது மைலில் இருப்பது ஒரு நெடுஞ்சாலை. ஊர் அங்கிருந்து 12 மைல், லிஃப்ட் கேட்டுத்தான் போக வேண்டும்.

இதில் பெரிய அடி விழுவது சியரா மலையில். 788-வது மைலில் பாதையை விட்டுப் பிரிந்து, 11,700 அடி உயரத்துக் கியர்சார்ஜ் கணவாயைத் தாண்டி, ஏழரை மைல் நடந்து இறங்கினால் ஒரு கார் நிறுத்தம் வரும். அங்கிருந்து லிஃப்ட் கிடைத்து இண்டிபெண்டன்ஸ் போனால் சின்னக் கடைதான். ஒழுங்காக வாங்க வேண்டுமென்றால் 395-வது நெடுஞ்சாலையில் இன்னும் 40 மைல், பிஷப் வரை. திரும்பி வரும்போது முதுகில் ஏழு நாள் சாப்பாட்டோடு அதே கணவாயை ஏற வேண்டும். போக வர இந்தப் பதினைந்து மைலுக்கும் சாப்பாடு வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்தவர்கள் நான் பார்த்தவரை குறைவு. நானும் சேர்க்கவில்லை. கடைசி மைல்களை இரண்டு ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெயில் ஓட்டினேன்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். டுவாலமி மெடோஸ் கடை, பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் தியோகா சாலை திறந்தால்தான் திறக்கும். 2023-ல் அந்தச் சாலையைத் திறந்ததே ஜூலை 22-ம் தேதி.

இரண்டு கென்னடி மெடோஸ்

தெற்கில் ஒன்று, 702-வது மைலில். வடக்கில் ஒன்று, 1,016-வது மைலில் சொனோரா கணவாயிலிருந்து சாலை வழியாக இறங்க வேண்டும். நடுவில் முந்நூறு மைல் சியரா. பெட்டியில் முகவரி எழுதும்போது ஊரைப் பாருங்கள்: இன்யோகெர்ன் என்றால் தெற்கு, பைன்கிரெஸ்ட் என்றால் வடக்கு. தெற்கே வந்திருக்க வேண்டிய கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா) வடக்கே போய் உட்கார்ந்திருந்த ஒருவரோடு நான் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். டப்பா இல்லாமல் சியராவுக்குள் கால் வைக்க முடியாது. சாப்பாட்டை அதில் போட்டு மூட வேண்டும் என்பது அங்கே சட்டம். மனிதர் புதிதாக ஒன்று வாங்கினார்.

எல்லாப் பெட்டியையும் வீட்டிலேயே கட்டிவிட்டுக் கிளம்புவது

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த வருஷம் அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். பிப்ரவரி முழுக்க எங்கள் டைனிங் டேபிளில் யாரும் சாப்பிடவில்லை. ரவையை வறுத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து உப்புமா மிக்ஸ், அவல், புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி. ஒவ்வொரு ஜிப் பையிலும் அம்மா தன் கையால் மார்க்கரில் எழுதினார்: “உப்புமா, 2 டம்ளர் தண்ணி”. இருபத்துநாலு பெட்டி. எதை எப்போது தபாலில் போட வேண்டும் என்ற பட்டியல் ஃபிரிட்ஜில் ஒட்டப்பட்டது. பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாலு பெட்டி ருசித்தது. ஐந்தாவதைத் திறந்ததும் அந்தத் தாளிப்பு வாசனைக்கே குமட்டியது. அம்மா சமையலில் குறை இல்லை. ஒரு நாளைக்கு இருபது மைல் நடக்கிற உடம்பு முதல் மாதத்துக்குப் பிறகு வேறு ஒன்றாகிவிடுகிறது. எண்ணெய், சர்க்கரை, உப்பு, சீஸ் என்று அலைகிறது. பிப்ரவரியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளின் வயிற்றை வைத்து ஜூன் மாதத்து ஆளுக்குச் சாப்பாடு கட்டினால் இப்படித்தான். பதினோரு பொட்டலத்தை ஹைக்கர் பாக்ஸில் போட்டேன். வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ள ஊருக்கு ஊர் வைத்திருக்கும் பெட்டி அது. இரண்டு நாள் அந்த ஊரில் இருந்தேன், ஒருவரும் தொடவில்லை. பைக்குள் பழுப்பாக ஒரு பொடி, மேலே படிக்கத் தெரியாத எழுத்து. யார் எடுப்பார்கள்?

அதைக்கூட மன்னிக்கலாம். இன்றும் எனக்கு எரிச்சல் வருவது மே மாதக் கடைசியில் நடந்ததை நினைத்தால். ஊர் பெயர் வேண்டாம். சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வேர்க்க விறுவிறுக்கப் போய் நின்றேன். தபால் ஆபீஸ் பன்னிரண்டுக்கே மூடியாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு. திங்கள் மெமோரியல் டே, அரசு விடுமுறை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அலமாரியில் என் பெட்டி தெரிகிறது. நானே ஒட்டிய மஞ்சள் டேப். செவ்வாய்க்கிழமை காலை வரை காத்திருந்தேன். மூன்று ராத்திரி மோட்டல், வெளிச்சாப்பாடு எல்லாமாக 270 டாலருக்கு மேல். பெட்டியில் இருந்தது நாற்பது டாலர் சாமான். சாலைக்கு எதிர்ப்புறம், மூன்று நாளும் ராத்திரி பத்து மணி வரை, விளக்கெரிய ஒரு சூப்பர்மார்க்கெட் திறந்திருந்தது. உள்ளே போய் டூத்பேஸ்ட் வாங்கிக்கொண்டு வந்தேன். கட்டி அனுப்பியாகிவிட்டதே, விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

பெட்டி உங்களைக் கட்டிப்போடும் விதங்கள் இன்னும் உண்டு. அந்த வருஷம் சியராவில் பனி கொட்டிக் கிடந்தது. பதினொரு நாள் தள்ளித்தான் உள்ளே போனேன். அதோடு ஷீட்டில் இருந்த ஒரு தேதிகூட மிச்சமில்லை. ஜெனரல் டெலிவரியில், அதாவது தபால் ஆபீஸிலேயே போய் வாங்கிக்கொள்ளும் முறையில், வந்த பார்சலை அதிகபட்சம் 30 நாள் வைத்திருப்பார்கள், பிறகு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். காட்டுத்தீ வந்தால் கேட்கவே வேண்டாம். 2022 ஜூலைக் கடைசியில் மெக்கின்னி தீ கிளம்பியபோது கிளாமத் பக்கம் பாதையை மூடி, நடந்துகொண்டிருந்தவர்களை வெளியேற்றினார்கள். அந்தப் பக்கத்து ஊரான சீயாட் வேலிக்குப் பெட்டி அனுப்பி வைத்திருந்தவன் என்ன செய்வான்?

தம்பியிடம் சொன்னது இதுதான்: தென் கலிபோர்னியாவில் பெரும்பாலும் கடையிலேயே வாங்கு. எங்கெங்கே கடை மோசம் என்று தெரிகிறதோ அங்கே மட்டும் பெட்டி. அதையும் வீட்டில் கட்டாதே, பாதையில் வரும் ஒரு பெரிய ஊரில் வாங்கி அங்கிருந்தே முன்னால் இருக்கும் ஊர்களுக்கு அனுப்பு. பிரயாரிட்டி மெயிலில் போட்டால், பிரிக்காத வரைக்கும், கூடுதல் காசில்லாமல் அடுத்த ஊருக்குத் திருப்பிவிடலாம். நான் நாலு டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று மலிவு தபாலில் போட்டிருந்தேன்.

தலையாட்டினான். ஷீட்டை அழிக்கவில்லை.

பெட்டியே வேண்டாம் என்று கிளம்புவது

என் கதையைக் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் சாய்பவர்களும் உண்டு. வாஷிங்டனில் அது கஷ்டம். வைட் பாஸ், ஸ்னோகுவால்மி, ஸ்டீவன்ஸ் மூன்றுமே நெடுஞ்சாலைக் கணவாய்கள். பெட்ரோல் பங்க் கடை, பனிச்சறுக்கு விடுதி, அவ்வளவுதான். ஸ்டெஹிகினுக்குச் சாலையே கிடையாது. ஷெலான் ஏரியில் படகு, சின்ன விமானம், இல்லை நடந்துதான் போக வேண்டும். உங்கள் பார்சலும் படகில்தான் வர வேண்டும், அதனால் மூன்று வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். இந்த நாலுக்கும் ஆரிகனில் வரும் ஆஷ்லாண்டில் வாங்கி அங்கிருந்தே அனுப்பினால் போதும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் இரண்டு பெட்டி கூடலாம். சின்னக் கடைகளில் ராமென் பாக்கெட் என்றால் கோழி, மாடு, இறால்தான். பீன்ஸ் டப்பாவில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று திருப்பிப் படியுங்கள். டார்ட்டியா, வேர்க்கடலை வெண்ணெய், உருளைக்கிழங்குப் பொடி மூன்றும் அநேகமாக எங்கேயும் கிடைக்கும்; எனக்கு ஆயிரம் மைல் அதிலேயே ஓடியது.

அரிசியும் பருப்பும் எடுத்துப் போவது

3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு கேஸ் தீரும்வரை வேகாது. அவல் எடுத்துப் போங்கள்.

இனிஷியல்

பெட்டியில் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே பெயரை எழுதுங்கள். அடையாள அட்டை கேட்பார்கள். “எஸ்” என்பது என் அப்பா பெயர் என்று கவுன்டரில் நின்று விளக்கியது போதும்.

பசியோடு கடைக்குள் நுழைவது

முதலில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஸ்டெஹிகினில் பேக்கரியைத் தாண்டிப் போவது

பாதை முனையிலிருந்து படகுத்துறைக்குப் போகும் பஸ் பேக்கரி வாசலில் நிற்கும். இறங்குங்கள்.