நத்தார்க் காலத்தில் பாரிஸ் டிஸ்னிலாண்ட்: யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு

மார்கழியில் யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோர், பேரப்பிள்ளைகளுடன் டிஸ்னிலாண்டுக்கு வெளிக்கிடுமுன் முதலில் கவனிக்க வேண்டியது சப்பாத்து. எங்கள் ஊர்ப் பனிக்கு ஒரு சால்வை போதும். அங்கே ஈரத்தரையில் நெடுநேரம் வரிசையில் நிற்கும்போது குளிர் உள்ளங்காலிலிருந்தே ஏறுவதால், தடித்த கம்பளிக் காலுறையும் நீர் புகாத சப்பாத்தும் கட்டாயம் வேண்டும். நுழைவுச்சீட்டைத் திகதி குறித்து இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் தங்குவோர் ஷாத்தலே நிலையம் சென்று, ஆர்.ஈ.ஆர். ஏ என்ற புறநகர்த் தொடருந்தில் மாறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் வாசல் அருகிலேயே இருக்கிறது. அந்தப் பாதை கிளை பிரிவதால், ஏறுமுன் அறிவிப்புப் பலகையில் அந்தக் கடைசித் தரிப்பான மார்ன் லா வலேயின் பெயரைப் பாருங்கள். மாலை 5 மணியளவிலேயே இருட்டிவிடுவதைக் குறையாக எண்ண வேண்டாம், நத்தார் மரத்து விளக்குகள் அப்போதுதான் உண்மையில் அழகு. சிறுவரின் கையுறைகளை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.