கல்லீரல் கட்டி: லேப்ராஸ்கோபியா, திறந்த அறுவையா? எதைப் பார்த்து முடிவு செய்வது

கல்லீரல் கட்டியை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், "ஓட்டை போட்டே எடுத்துவிட முடியாதா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அந்த அறுவைதான் லேப்ராஸ்கோபி. எந்த முறையானாலும் கல்லீரலுக்குள் நடக்கும் வேலை ஒன்றே: கட்டியை, சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு சேர்த்து வெட்டி எடுப்பது. உள்ளே போகும் வழிதான் மாறுகிறது. ஆகவே தழும்பைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள். கட்டி எங்கே இருக்கிறது, வெட்டிய பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் செக்மென்ட் எண்ணைத் தேடுங்கள்

கல்லீரலை 8 செக்மென்ட்களாகப் பிரித்திருக்கிறார்கள். அறிக்கையில் இந்த எண் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். 2, 3 இரண்டும் இடது ஓரம். 4-இன் கீழ்ப்பகுதி, 5, 6 ஆகியவை முன்புறமும் கீழ்ப்புறமும். இங்கெல்லாம் கேமராவும் கருவியும் எளிதில் எட்டும். 7, 8, 4-இன் மேற்பகுதி மூன்றும் விலாக்கூட்டுக்குள், உதரவிதானத்தை ஒட்டி மறைந்திருக்கின்றன. 1-ஆம் செக்மென்ட் பெருஞ்சிரையின் மேலேயே கிடக்கிறது. நீண்டு நேராக இருக்கும் கருவிகளுக்கு அங்கே சரியான கோணம் கிடைக்காது. ரத்தம் பீறிட்டால் அடக்குவதும் கடினம்.

2008-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கூடிய நிபுணர்கள், 2 முதல் 6 வரையான செக்மென்ட்களில் ஓரமாக உள்ள, 5 செ.மீ.க்கு மேற்படாத ஒற்றைக் கட்டியே லேப்ராஸ்கோபிக்கு உகந்தது என்றார்கள். இன்று தேர்ந்த மையங்களில் பாதிக் கல்லீரலையே இந்த முறையில் எடுக்கிறார்கள். ஆனால் எல்லா மருத்துவமனைக்கும் அது பொருந்தாது. கட்டி பெரிய ரத்தக்குழாயைப் பற்றியிருந்தாலோ, பித்தநாளத்தை வெட்டி மறுபடி இணைக்க வேண்டியிருந்தாலோ திறந்த அறுவையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மிஞ்சும் கல்லீரலின் கணக்கு

நல்ல கல்லீரல் என்றால் குறைந்தது 20 சதவீதம் மிஞ்ச வேண்டும். நீண்ட நாள் கீமோதெரபி எடுத்தவருக்கு 30, சிரோசிஸ் (கல்லீரல் வடுப்பட்டு இறுகும் நோய்) உள்ளவருக்கு 40 சதவீதம். சி.டி. ஸ்கேனிலிருந்தே இதை அளந்துவிடலாம். போதாது என்றால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில், எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் கிளையை அடைத்து, மறுபக்கம் வளர 4 முதல் 6 வாரம் காத்திருப்பார்கள். எந்த முறையில் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சிரோசிஸ் இருந்தால் லேப்ராஸ்கோபிக்கு உண்மையான ஒரு மேன்மை உண்டு. வயிற்றுச் சுவரில் புடைத்திருக்கும் மாற்றுச் சிரைகள் அறுபடாததால், பிறகு வயிற்றில் நீர் கோப்பது குறைகிறது. கட்டி சிறியதாக, ஓரமாக இருந்தால் இவர்கள் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது. பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே, மண்ணீரலும் வீங்கியிருக்கிறது என்றால், அறுவையே வேண்டுமா என்பதை முதலில் பேசுங்கள்.

அறுவை அரங்கில் என்ன வேறுபடுகிறது

திறந்த அறுவையில் வலது விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டுவார்கள். கையால் தடவிப் பார்க்க முடியும். லேப்ராஸ்கோபியில் 5 முதல் 12 மி.மீ. அளவில் நான்கைந்து துளைகள்; வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை ஏறக்குறைய 12 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்புவார்கள். அந்த அழுத்தமே சிறு சிரைகளின் கசிவை அமுக்கிவிடுவதால் ரத்த இழப்பு குறைகிறது. அதே வாயு, வெட்டுப்பட்ட சிரைக்குள் புகுந்து இதயத்தை அடைந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். கல்லீரல் அறுவையில் பழகிய மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்வது இதனால்தான். இரு முறையிலும் மையச் சிரை அழுத்தத்தை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரையின் அழுத்தம்) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வைத்திருப்பதும் அவர் பொறுப்பு. தேவைப்பட்டால் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தை 15 நிமிடம் நிறுத்தி, 5 நிமிடம் விடுவார்கள்.

லேப்ராஸ்கோபியில் விரல்களுக்குப் பதில் அல்ட்ராசவுண்ட்தான் கட்டியைத் தேடுகிறது. கல்லீரல் மேலேயே வைத்துப் பார்க்கும் அந்தக் கருவி இல்லாத இடத்தில் இந்த அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆழத்தில் உள்ள சிறு கட்டி விடுபட்டுப் போகும், கட்டியைச் சுற்றி நல்ல திசுவாக இருக்க வேண்டிய விளிம்பும் தவறும்.

வெட்டிய துண்டைப் பையில் போட்டு, அடிவயிற்றில் சில செ.மீ. கீறி முழுதாக எடுப்பார்கள். உள்ளேயே துண்டாக்கினால் விளிம்பில் புற்று இருக்கிறதா என்று நோய்க்கூறு நிபுணரால் சொல்ல முடியாது. ஆகவே துளைகள் மட்டும்தான் என்று நினைத்துப் போகாதீர்கள்.

நடுவில் திறந்த அறுவைக்கு மாறவும் நேரலாம். ரத்தப்போக்கு, முந்தைய அறுவையால் ஒட்டிக்கொண்ட குடல், தெளியாத விளிம்பு: இவைதான் வழக்கமான காரணங்கள். மாற வேண்டிய நேரத்தில் மாறாமல் இழுத்தடிப்பதுதான் ஆபத்து. ஒப்புதல் படிவத்தில் இதற்கும் சேர்த்தே கையெழுத்து போடுங்கள்.

பலன்

நார்வேயில் நடந்த ஓஸ்லோ-காமெட் ஆய்வில், பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிய 280 பேரை இரு முறைக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிக்கல்கள் லேப்ராஸ்கோபியில் 19 சதவீதம், திறந்த அறுவையில் 31. மருத்துவமனையில் இருந்தது 53 மணி நேரம், 96 மணி நேரம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 54, 55 சதவீதம், அதாவது வேறுபாடே இல்லை. ஆனால் அங்கே எடுத்தவை சிறு பகுதிகள்தான், செய்தவர்களும் கைதேர்ந்தவர்கள். பாதிக் கல்லீரலை எடுக்கும் அறுவைக்கு இந்த எண்களைக் காட்டினால் நம்பாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு

மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ, வடிகுழாய் நீரில் பிலிரூபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி) ரத்தத்தில் உள்ளதைப் போல 3 மடங்கு இருந்தால் பித்தம் கசிகிறது என்று பொருள். ஐந்தாம் நாளில் ரத்தப் பிலிரூபின் டெசிலிட்டருக்கு 3 மி.கி.க்கு மேலும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.7-க்கு மேலும் சேர்ந்து இருந்தால் மிஞ்சிய கல்லீரல் திணறுகிறது; அந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

லேப்ராஸ்கோபிக்குப் பின் இரண்டு மூன்று நாள் தோள் வலிக்கும். அது வாயுவால் வருவது, தானே போய்விடும். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வயிறு உப்பல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திறந்த அறுவை செய்தவர்கள் 6 வாரம் தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. லேப்ராஸ்கோபி செய்தவர்களும் அடிவயிற்றுக் கீறல் ஆறும்வரை, மருத்துவர் சொல்லும் நாள் வரை பொறுக்க வேண்டும்.