கணக்கு தெரிந்தவருக்குத்தான் யோசனை வரும்

"எங்கள் ஆட்கள் சொன்னதைச் செய்வார்கள், தாங்களாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள்." சமூகத் தொழில் நிறுவனம், அதாவது சமூக நலனுக்காகத் தொழில்முறையில் இயங்கும் அமைப்பு, நடத்தும் பலர் என்னிடம் இப்படி அலுத்துக்கொள்வார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: போன மாதம் எந்தச் சேவையில் கை நஷ்டம் என்று களப்பணியாளருக்குத் தெரியுமா?

தெரியாது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இத்தகைய நிறுவனத்துக்கு இரண்டு கணக்கு உண்டு, பணம் ஒன்று, பயன் ஒன்று. பயனைக் களப்பணியாளர் நேரில் பார்க்கிறார். பணக்கணக்கு அலுவலக அறையைத் தாண்டுவதில்லை. ஒரு பயனாளிக்கு ஆகும் செலவு, அவர் கட்டும் தொகை, நன்கொடை ஈடுகட்டும் பங்கு, இந்த மூன்றை மட்டும் மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் வையுங்கள். முழு வரவுசெலவு அறிக்கை வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். "இரண்டு ஊருக்கும் ஒரே நடையில் போய்விட்டு வரலாமே" என்ற பேச்சு அதற்கப்புறம்தான் கிளம்பும்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் அரை மணி நேரம் உட்காருங்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வோம்? 1970-களில் அமெரிக்க ராணுவம் பயிற்சிக்காக உருவாக்கிய முறை இது. தலைவர் கடைசியில் பேச வேண்டும். முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

நமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வார்த்தையில் சொல்லிவிட முடியாது என்றார் அறிவியலாளரும் தத்துவ அறிஞருமான மைக்கேல் போலானி. தயங்கி நிற்கும் குடும்பத்திடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதைக் கையேட்டில் எழுத முடியாது. புதியவரை அனுபவசாலியோடு அனுப்புங்கள், அவ்வளவுதான்.

பலர் சறுக்குவது இதற்கடுத்த இடத்தில். தகவலைக் கொடுத்துவிட்டு, அனுமதியைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். கேட்காமல் செலவழிக்க ஒரு சிறு தொகையும், ஒரே இடத்தில் சோதித்துப் பார்க்கும் உரிமையும் கொடுங்கள். பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவை அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும், அது மட்டும் நிபந்தனை. யோசனை யாருடையதோ அவர் பெயரிலேயே பதிவாகட்டும். இதில் கஞ்சத்தனம் காட்டினால் அடுத்த யோசனை வராது.

வெளியாரிடம் பகிரவும் பயப்பட வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனை 1992-இல் தொடங்கிய லைக்கோ என்ற பயிற்சி நிறுவனம், தங்கள் வேலைமுறையைப் பிற கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லித்தருகிறது. பயனாளிகளின் சொந்த விவரங்கள் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வரக் கூடாது.