புதிய கன்சோல் வாங்கும் முன் வெளியீட்டு நாள் கேம்களை ஒப்பிடுவது எப்படி?

இரண்டு நிறுவனங்கள் ஒரே பருவத்தில் புதிய கன்சோல்களைக் கொண்டுவரும்போது, முதல் நாளே கடைக்கு வரும் கேம்களின் பட்டியலும் கூடவே வெளியாகும். எந்தப் பட்டியலில் பெயர்கள் அதிகம் என்று எண்ணிப் பார்த்து அந்தப் பக்கம் சாய்வது எளிது. ஆனால் அந்த எண்ணிக்கை வாங்குபவருக்கு ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. உங்களிடம் ஏற்கெனவே உள்ள கருவியில் விளையாட முடியாததும், போட்டிக் கன்சோலில் கிடைக்காததும், நீங்கள் உண்மையிலேயே விளையாடப் போவதுமான கேம்கள் எத்தனை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அவற்றைப் பிரித்தெடுக்கும் முறையை, 2013 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு வார இடைவெளியில் விற்பனைக்கு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டையும் முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன். அந்தப் பட்டியல்களில் இருந்த கேம்களுக்குப் பின்னர் என்ன ஆனது என்பது இன்று முழுமையாகத் தெரியும் என்பதால், எந்த வாக்குறுதி நிலைத்தது, எது நழுவியது என்பதையும் சேர்த்தே பார்க்க முடியும்.

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கன்சோலுக்கும் மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கன்சோல் விற்பனைக்கு வரும் அதே நாளில் கடையில் இருக்கும் கேம்கள் முதல் கட்டத்தில் வர வேண்டும். அதன் பிறகு வரவிருப்பவற்றில் திட்டவட்டமான தேதி அறிவிக்கப்பட்டவற்றை இரண்டாவது கட்டத்திலும், 'விரைவில்', 'அடுத்த ஆண்டு' என்று மட்டும் சொல்லப்பட்டவற்றை மூன்றாவது கட்டத்திலும் எழுதுங்கள். நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்த மூன்று வகையும் ஒரே வரிசையில் நிற்கும். 'வெளியீட்டுக் காலம்' என்ற சொல் முதல் நாளிலிருந்து பல மாதங்கள் வரை நீளக்கூடியது. அதனால் இந்தப் பிரிப்பை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கட்டத்தில் எழுதியதும் உறுதியானது அல்ல என்பதற்கு 2013 நல்ல சான்று. பிளேஸ்டேஷன் 4 நவம்பர் 15 அன்று வந்தது. அதோடு முதல் நாளே வரும் என்று சொல்லப்பட்ட கார் பந்தயக் கேமான டிரைவ்கிளப், ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பு பட்டியலிலிருந்து விலக்கப்பட்டு, கடைசியில் 2014 அக்டோபர் 7 அன்றுதான் வந்தது. இரண்டு கன்சோல்களுக்கும் வரவிருந்த வாட்ச் டாக்ஸும் அதே சமயத்தில் தள்ளிவைக்கப்பட்டு 2014 மே மாதம் வெளியானது. இதைவிடப் பெரிய இழப்பு 2020இல் நேர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் அடையாளமாகவே முன்னிறுத்தப்பட்ட ஹேலோ இன்ஃபினிட், கன்சோல் வெளிவரச் சுமார் மூன்று மாதங்களே இருந்த நிலையில் தள்ளிவைக்கப்பட்டு, 2021 டிசம்பர் 8 அன்றுதான் வந்தது. ஒரே ஒரு கேமுக்காகக் கன்சோலை முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு அது ஓராண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு. ஆகவே, உங்கள் முடிவு முழுவதும் ஒரே பெயரின் மேல் நிற்கிறது என்றால், அந்தக் கேம் டிஸ்க் தயாரிப்புக்கு அனுப்பப்பட்டுவிட்டதாக வெளியீட்டாளரே அறிவிக்கும் வரை பணம் கட்டாமல் இருப்பது நல்லது. கடைகளின் முன்பதிவுப் பக்கங்களில் காணப்படும் டிசம்பர் 31 போன்ற தேதிகள் பெரும்பாலும் இடத்தை நிரப்புவதற்காகப் போடப்பட்டவை. அவற்றை இரண்டாவது கட்டத்தில் சேர்க்கக் கூடாது.

காணொளிகளையும் இதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டு இ3 வீடியோ கேம் கண்காட்சியில், பிளேஸ்டேஷன் 3இன் திறனைக் காட்டுவதற்காகக் கில்ஸோன் தொடரின் அடுத்த கேமின் காட்சி திரையிடப்பட்டது. அது கன்சோலில் ஓடிய கேம் அல்ல, முன்கூட்டியே கணினியில் வரைந்து தயாரித்த படம். கன்சோல் 2006 நவம்பரில் வந்தது, அந்தக் கேமோ 2009 பிப்ரவரியில்தான் வந்தது. யாரோ ஒருவர் கையில் கண்ட்ரோலரோடு, வெட்டு இல்லாமல், சில நிமிடங்கள் தொடர்ந்து விளையாடும் காட்சி வெளிவராத எந்தக் கேமையும் மூன்றாவது கட்டத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

தாள் தயாரானதும், அடித்து நீக்கும் வேலை தொடங்குகிறது. முதலில் இரு பக்கமும் பொதுவாக உள்ள கேம்கள் போக வேண்டும். 2013இல் அசாசின்ஸ் க்ரீட் 4, பேட்டில்ஃபீல்டு 4, கால் ஆஃப் டூட்டி: கோஸ்ட்ஸ், ஃபிஃபா 14, என்பிஏ 2கே14, நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ் என்று, விற்பனையில் பெரியவையாக இருந்தவை எல்லாமே இரண்டு கன்சோல்களிலும் கிடைத்தன. இவை அத்தனையும் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய பழைய கன்சோல்களுக்கும் வந்தவை என்பதால், அந்தக் கருவிகளை வைத்திருந்தவருக்கு இவற்றுக்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டிய கட்டாயமே இருக்கவில்லை. எஞ்சியவற்றில் பெரியவை சிலவே. பிளேஸ்டேஷன் பக்கம் கில்ஸோன்: ஷேடோ ஃபால், நேக், ரெசோகன், எக்ஸ்பாக்ஸ் பக்கம் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 5, ரைஸ்: சன் ஆஃப் ரோம், டெட் ரைசிங் 3, கில்லர் இன்ஸ்டிங்ட். நீண்ட பட்டியல்கள் இந்த அளவுக்குச் சுருங்கிவிடுவதைப் பார்க்கும்போது முதல் தடவை ஏமாற்றமாகவே இருக்கும். எனினும் முடிவெடுக்க உதவுவது இந்தச் சுருங்கிய வடிவம்தான்.

எஞ்சிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது 'இங்கே மட்டும்' என்பது எவ்வளவு காலத்துக்கு என்று குறியுங்கள். கன்சோல் நிறுவனமே சொந்த ஸ்டுடியோவில் உருவாக்கிய கேம் 2013 காலத்தில் பெரும்பாலும் அந்தக் கன்சோல் குடும்பத்தை விட்டு நீண்ட காலம் வெளியே போகவில்லை. வெளி ஸ்டுடியோவோடு செய்த ஒப்பந்தத்தால் மட்டும் கட்டுண்ட கேம், காலம் முடிந்ததும் நகர்ந்துவிடும். டெட் ரைசிங் 3 2014 செப்டம்பரிலும், ரைஸ் அதற்கு அடுத்த மாதத்திலும் விண்டோஸ் கணினிக்கு வந்துவிட்டன. 2014 மார்ச்சில் எக்ஸ்பாக்ஸின் பெரும் ஈர்ப்பாகச் சொல்லப்பட்ட டைட்டன்ஃபால், முதலிலிருந்தே கணினிக்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் உரியதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே நல்ல திறனுள்ள கணினி வைத்திருப்பவர், 'எக்ஸ்பாக்ஸில் மட்டும்' என்று அச்சிட்ட பெயர்களைத் தம் தாளில் இன்னொரு முறை வடிகட்ட வேண்டும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில், எஞ்சிய பெயர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் பட்டியலே வளமானது என்று தோன்றுகிறது. ஆனாலும் அந்தத் தலைமுறை முழுவதும் விற்பனையில் தெளிவாக முந்தியது பிளேஸ்டேஷன் 4. இதற்கான விடையின் ஒரு பகுதி, நாம் அடித்து நீக்கிய பொதுக் கேம்களில் இருக்கிறது. நீக்கியவற்றைத் தூக்கி எறியாமல் இரண்டாவது தாளில் எழுதிவையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரே கேமை ஒரே குழு இரண்டு கன்சோல்களுக்கும் தயாரிக்கும்போது, கருவிகளின் பலம் பலவீனம் நேருக்கு நேர் தெரிந்துவிடுகிறது. கால் ஆஃப் டூட்டி: கோஸ்ட்ஸ் பிளேஸ்டேஷன் 4இல் 1080பி (படத்தில் 1080 புள்ளி வரிசைகள்) தெளிவிலும், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி தெளிவிலும் ஓடும் என்பதை, இரண்டும் கடைக்கு வருவதற்கு முன்பே, அக்டோபர் இறுதியில் அதைத் தயாரித்தவர்களே உறுதிசெய்தார்கள். பேட்டில்ஃபீல்டு 4இல் அந்த வேறுபாடு 900பிக்கும் 720பிக்கும் இடையே இருந்தது. இதற்குக் காரணம் பிளேஸ்டேஷனின் வரைகலைச் சிப் சுமார் 1.84 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்பது விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்) வேகமும் எக்ஸ்பாக்ஸின் சிப் சுமார் 1.31 டெராஃப்ளாப் வேகமும் கொண்டிருந்ததும், முன்னதில் வேகமான ஜிடிடிஆர்5 நினைவகமும் பின்னதில் மெதுவான டிடிஆர்3 நினைவகமும் இருந்ததுமாகும். ஆண்டுக்கு ஒரு கால்பந்துக் கேமும் ஒரு துப்பாக்கிச் சூட்டுக் கேமும் மட்டுமே வாங்குபவருக்கு, தனிக் கேம்களைவிட இந்த இரண்டாவது தாளே முக்கியம்; அத்தகையவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

விமரிசனங்களைப் படிக்கும்போது மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், கேமின் அளவையும் பாருங்கள். வெளியீட்டு நாளுக்கு முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் தயாராகும் கேம்கள் மெலிந்து வருவது வழக்கம். ஃபோர்ஸா 5 முழு 1080பி தெளிவில் விநாடிக்கு 60 பிரேம்களாக மிக அழகாக ஓடியது. ஆனால் அதில் 200 கார்களும் 14 பந்தயத் தடங்களும்தான் இருந்தன. அதற்கு முந்தைய ஃபோர்ஸா 4இல் 500க்கும் மேற்பட்ட கார்கள் இருந்தன. மாறாக, ஃபின்லாந்தின் ஹவுஸ்மார்க் ஸ்டுடியோ உருவாக்கிய ரெசோகன் மிகச் சிறியது, பழைய ஆர்கேட் பாணியிலானது. இருந்தும் திரும்பத் திரும்ப விளையாடத் தூண்டுவது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்குத் தனி விலையின்றிக் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டின் பட்டியல்களிலேயே மிகவும் நேர்த்தியான கேம் அதுதான் என்பது என் கருத்து.

விலைக் கணக்கைக் கன்சோலோடு நிறுத்தாமல், நீங்கள் தேர்ந்தெடுத்த முதல் மூன்று கேம்களையும் சேர்த்துப் போடுங்கள். 2013இல் பிளேஸ்டேஷன் 4இன் விலை 399 டாலர்; கினெக்ட் கேமராவையும் உள்ளடக்கிய எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் விலை 499 டாலர். புதிய கேம் ஒன்று 60 டாலருக்கு விற்ற காலத்தில், இந்த 100 டாலர் வித்தியாசம் ஒன்றரைக் கேமுக்கும் மேலானது. பேட்டில்ஃபீல்டு போன்று இணையத்தில் பிறரோடு ஆடுவதற்கென்றே வாங்கப்படும் கேம் என்றால், இரு பக்கமும் கட்டணச் சந்தா தேவைப்பட்டது. அதையும் அந்தக் கேமின் விலையாகவே கருத வேண்டும். கில்லர் இன்ஸ்டிங்ட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டாலும், இலவசமாகக் கிடைத்தது ஒரே ஒரு சண்டை வீரர்தான். பழைய கன்சோலில் ஏற்கெனவே வாங்கிய கேமின் புதிய பதிப்பைச் சில வெளியீட்டாளர்கள் 10 டாலருக்குத் தந்தார்கள்; இத்தகைய சலுகை உண்டா என்று விசாரிப்பது, கன்சோல் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை. 2025 ஜூன் 5 அன்று வந்த நின்டெண்டோ சுவிட்ச் 2இல் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. வெளியீட்டின்போது மரியோ கார்ட் வேர்ல்டின் தனி விலை 80 டாலராக இருந்தது. ஆனால் 450 டாலர் கன்சோலோடு ஒரே பெட்டியில் வாங்கியவருக்கு மொத்தம் 500 டாலர்தான் ஆனது. மேலும், பிற நிறுவனங்களின் பல கேம்களுக்கு கன்சோலில் செருகும் கேம் அட்டையில் அனுமதித் திறவுகோல் மட்டுமே இருந்தது, கேம் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. மெதுவான இணைப்பு உள்ள வீட்டில் அப்படிப்பட்ட கேமை 'முதல் நாள் கேம்' என்று எழுதுவது சரியாகாது.

பழைய டிஸ்குகள் புதிய கன்சோலில் ஓடுமா என்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். 2013இல் இரண்டுமே பழைய டிஸ்குகளை ஏற்கவில்லை. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே, டிஸ்க் செருகும் வசதி இருந்த வடிவங்களில், முந்தைய தலைமுறை டிஸ்குகளில் பெரும்பாலானவற்றை ஏற்றன. ஏற்கும் கன்சோல் என்றால், முதல் நாள் பட்டியல் மெலிந்திருந்தாலும் அவ்வளவாகப் பாதிப்பில்லை.

அடுத்ததாக, பட்டியலில் எந்த வெளியீட்டாளரின் பெயர் இல்லை என்று தேடிப் பாருங்கள். 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளியான சேகாவின் டிரீம்காஸ்ட், சோல்காலிபர் உள்ளிட்ட 18 கேம்களோடு வந்தது. அது இன்றும் போற்றப்படும் பட்டியல். ஆனால் கால்பந்து போன்ற விளையாட்டுகளின் கேம்களில் முன்னணியில் இருந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் பெயர் அதில் இல்லை, பின்னரும் வரவில்லை. 2001 தொடக்கத்தில் சேகா கன்சோல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பெயர் இருந்தாலும் அது தொடரும் என்பதற்கு உறுதியில்லை. 2012இல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஃபிஃபா 13 வந்தது, ஃபிஃபா 14 வரவில்லை. அந்தக் கன்சோலின் நீண்ட முதல் நாள் பட்டியலில் பெரும்பகுதி, பிற கன்சோல்களில் ஏற்கெனவே கிடைத்த கேம்கள்தான். அதே நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று சுவிட்சைக் கொண்டுவந்தபோது பட்டியல் மிகச் சிறியது, அதன் முதன்மைக் கேமான செல்டா கூட வீ யூவிலும் கிடைத்தது. எனினும் அடுத்த மாதங்களில் வரவிருந்தவை வலுவாக இருந்தன: ஏப்ரலில் மரியோ கார்ட் 8 டீலக்ஸ், ஜூலையில் ஸ்பிளாட்டூன் 2, அக்டோபரில் சூப்பர் மரியோ ஒடிசி. மூன்றும் நிறுவனத்தின் சொந்தக் கேம்கள், ஆகவே வேறொருவர் மனம் மாறிப் பின்வாங்கும் அபாயம் இல்லை. முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், சொந்த ஸ்டுடியோக் கேம்கள் நிறைந்த இரண்டாவது கட்டத்தையே நான் நம்புவேன்.

இறுதியாக, தாளின் தலைப்பில் எழுதும் தேதி உங்கள் நாட்டில் அந்தக் கன்சோல் விற்பனைக்கு வரும் தேதியாக இருக்கட்டும். இந்தியாவில் பிளேஸ்டேஷன் 4 2014 ஜனவரி 6 அன்று 39,990 ரூபாய்க்கு வந்தது; எக்ஸ்பாக்ஸ் ஒன் செப்டம்பர் 23 வரை வரவில்லை. அமெரிக்காவின் நவம்பர் பட்டியலை வைத்து இங்கே ஒப்பிட்டவர் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் இறுதியில் புதிதாகத் தாள் போட்டவருக்கு டைட்டன்ஃபால் ஏற்கெனவே முதல் கட்டத்தில் இருந்தது, டிரைவ்கிளப் இரண்டு வாரத் தூரத்தில் இருந்தது, டெட் ரைசிங் 3 கணினிக்குப் போய்விட்டிருந்தது, ரைஸ் போகவிருந்தது.